மலிக், மாலிக்: பேர் வைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவலப்பிட்டியில் ஒரு சின்ன கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, டைப் அடிப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் நாள் முழுக்க. பிள்ளையின் பிறப்பைப் பதியப் போகிறவர்களில் பாதிப் பேர் முதலில் எங்கள் மேசைக்குத்தான் வருவார்கள், மற்ற எல்லாக் கட்டங்களும் சரசரவென்று நிரம்பும், பேர் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். உம்மா ஒன்று சொல்வார், மாமி இன்னொன்று சொல்வார், வாப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டாரில் இருக்கும் நானாவிடம் கேட்பார். இப்படி நின்ற பேர்களில் மலிக்தான் அதிகம். என் சொந்தத் தம்பிக்கும் அதே பேர் என்பதால், அந்தப் பேர் படுகிற பாட்டை வீட்டிலேயே பார்த்தவள் நான். பத்து வருஷமாகக் கேட்ட கேள்விகளையும் நான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மலிக் என்றால் என்ன அர்த்தம்?

அரசன். சுற்றிவளைக்காமல் அரசன்தான். மீம், லாம், காஃப் என்ற மூன்று எழுத்து வேரிலிருந்து வருகிற சொல். அதே வேரில் முல்க் என்றால் ஆட்சி, மலிகா என்றால் அரசி, மம்லகா என்றால் இராச்சியம். ராத்திரியில் ஓதுகிற, குர்ஆனின் 67ஆம் ஸூராவின் (அத்தியாயத்தின்) பேரும் இந்த முல்க்தான். மாலிக் என்றால் உரிமையாளர், மில்க் என்றால் சொத்து, மம்லூக் என்றால் இன்னொருவருக்குச் சொந்தமானவன், அதாவது அடிமை. அரசன், சொத்துக்காரன், அடிமை மூவரும் ஒரே வேரில் முளைத்த சொற்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரலாறு வரும்போது உதவும்.

மலிக் சரியா, மாலிக் சரியா?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒரே பேர் இல்லை. மலிக் அரசன், மாலிக் உரிமையாளர். ஒரு கால் வித்தியாசம்தான், அரபியிலும் அதே நெடில் வித்தியாசம்தான், ஒரு அலிஃப்.

இதை விளக்க எனக்கு ஒரு சின்னப் பையன்தான் உதவி செய்தான். ஒரு பெரியம்மா பேரப்பிள்ளையின் பேரைப் பதிய வந்திருந்தார், கூடவே ஏழு எட்டு வயதில் மூத்த பேரன், தலையில் தொப்பி, ஓதப்பள்ளி முடிந்து நேரே வந்தவன். அல்ஹம்து ஸூராவை ஓது என்றேன். மாலிகி யவ்மித்தீன் என்று இழுத்து ஓதினான். சரி, இப்போது குல் அஊது பிரப்பின்னாஸ் ஓது என்றேன். மலிகின்னாஸ் என்று குறுக்கி ஓதினான். பெரியம்மா தன் வாழ்நாள் முழுக்க இரண்டையும் தினமும் ஓதிவந்தவர், முதல் தடவையாக இரண்டும் வேறு என்று கவனித்தார். முதலாவது "தீர்ப்பு நாளின் உரிமையாளன்", இரண்டாவது "மனிதர்களின் அரசன்". அவன் இரண்டாவதாக ஓதிய அந்த 114ஆம் ஸூராவில் இருக்கும் குறில் மலிக்தான் அரசன்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அல்ஹம்து ஸூராவின் அந்த வசனத்தையே மலிகி யவ்மித்தீன் என்று குறிலாக ஓதுகிற முறையும் உண்டு. குர்ஆனை ஓதுவதில் அங்கீகரிக்கப்பட்ட பல முறைகள் இருக்கின்றன, நாம் இலங்கையில் ஓதுவது ஆஸிம் அவர்களின் முறை, ஹஃப்ஸ் வழியாக வந்தது, அதில் மாலிகி. நாஃபிஉ அவர்களின் முறையில் மலிகி. மொரோக்கோ பக்கம் வர்ஷ் வழியாக ஓதுகிறவர்களின் ஓதலைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். தீர்ப்பு நாளின் அரசன், தீர்ப்பு நாளின் உரிமையாளன், இரண்டு பொருளையும் அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஆகவே "மாலிக் பிழை, மலிக்தான் சரி" என்று யாராவது சண்டை பிடித்தால் இதைச் சொல்லுங்கள்.

பேர் என்று வரும்போது தீர்மானிக்க வேண்டியது நீங்கள் யாரை நினைத்து வைக்கிறீர்கள் என்பது. இமாம் மாலிக் இப்னு அனஸ் அவர்களை நினைத்து வைத்தால் அது நெடில் மாலிக். 795இல் மதீனாவில் வபாத்தானவர், மாலிகி மத்ஹப் (மார்க்கச் சட்டவழி) அவர் பேரில் நிற்கிறது, நாம் பின்பற்றும் ஷாஃபிஈ இமாமுக்கு அவர் ஆசிரியர். கேரளத்துக்கு இஸ்லாம் வந்த கதையில் சொல்லப்படும் மாலிக் தீனாரும் நெடில்தான். உமையா கலீபா அப்துல் மலிக்கை நினைத்து வைத்தால் குறில்.

ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பமே பிறக்கிறது. தமிழில் குறில் நெடில் தனித்தனி எழுத்தாக இருக்கிறது, சிங்களத்திலும் இருக்கிறது. நம் கையில் இருக்கிற இரண்டு மொழியும் இந்தப் பேரைத் துல்லியமாக எழுதத் தோதானவை, அதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

மாலிக் நரகத்தின் காவலர் பேர் இல்லையா? அதை வைக்கலாமா?

ஆமாம், 43ஆம் ஸூராவில் நரகவாசிகள் "யா மாலிக்" என்று கூப்பிடுவதாக வருகிறது, அது அந்த வானவரின் பேர். ஆனால் இமாம் மாலிக்குக்கும் நபித்தோழர்கள் சிலருக்கும் அதே பேர்தான் இருந்தது. ஆகவே அதைக் காரணமாகச் சொல்லி யாரும் பயப்படத் தேவையில்லை.

அல்லாஹ்வின் பேராச்சே, மனிதனுக்கு வைக்கலாமா? அப்துல் மலிக் என்றுதான் வைக்க வேண்டுமா?

அல் மலிக் அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்று, 59ஆம் ஸூராவின் கடைசிப் பகுதியில் வருகிறது. அதனால் அப்துல் மலிக், அந்த அரசனின் அடியான், என்று வைப்பது எல்லோருக்கும் மனநிறைவான வழி.

தனியாக மலிக் என்று வைப்பதைப் பற்றி நான் விசாரித்த மௌலவிமார் சொன்னது இது. அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பேர்கள் சில இருக்கின்றன, ரஹ்மான், காலிக் போல, அவற்றை அப்து சேர்க்காமல் மனிதனுக்கு வைக்கக் கூடாது. மலிக், அஸீஸ், ரஹீம், கரீம் போன்ற சொற்களைக் குர்ஆனே மனிதர்களுக்கும் பயன்படுத்துகிறது. யூஸுஃப் நபியின் கதையில் கனவு கண்ட எகிப்து மன்னரைக் குர்ஆன் மலிக் என்கிறது. மூஸா நபியின் காலத்தவனைத்தான் ஃபிர்அவ்ன் என்கிறது. தாலூத்தை உங்களுக்கு மலிக்காக அல்லாஹ் அனுப்பியிருக்கிறான் என்று 2ஆம் ஸூராவில் வருகிறது. அல் மலிக் என்று அல்லாஹ்வின் திருநாமமாகச் சொல்லும்போதுதான் அது அவனுக்கு மட்டும் உரியதாகிறது. மனதில் சந்தேகம் மிச்சமிருந்தால் உங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்டுவிட்டு வாருங்கள், பதிய அவசரம் இல்லை, 3 மாதம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். அப்துல் மலிக் என்று பதிந்தால் கூப்பிடும்போதும் எழுதும்போதும் அப்துல் தனியாகவும் மலிக் தனியாகவும் உடைந்துபோகும். சிலர் "அப்துல்" என்று மட்டும் கூப்பிடுவார்கள், அதற்கு "இன்னதன் அடியான்" என்று பாதியில் நிற்கிற அர்த்தம்தான். இரண்டையும் சேர்த்தே ஒரே சொல்லாக எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஷாஹின்ஷா என்று வைக்க ஆசை. அதுவும் ராஜா பேர்தானே?

அதை மட்டும் யோசியுங்கள். ஷாஹன்ஷா என்றால் பாரசீகத்தில் அரசர்களின் அரசன். அல்லாஹ்விடம் மிக மோசமான பேர் மலிகுல் அம்லாக் (அரசர்களின் அரசன்) என்று ஒருவன் தனக்கு வைத்துக்கொள்வது என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) நூல்களிலும் இருக்கிறது. அதை அறிவித்தவர்களில் ஒருவரான ஸுஃப்யான், ஷாஹன்ஷா போல என்று விளக்கமே கொடுத்திருக்கிறார்.

மலிக் எப்போதிலிருந்து பட்டமாக இருக்கிறது?

இஸ்லாத்துக்கு ரொம்ப முந்தியது. ஆனால் நபி அவர்களுக்குப் பிறகு ஆண்டவர்கள் மலிக் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளவில்லை, கலீபா, அமீருல் முஃமினீன் என்றார்கள். பின்னால் ஆண்ட உமையா வம்சத்தாரைக் குறை சொன்னவர்கள் "இது கிலாபத் இல்லை, முல்க்" என்றுதான் குறை சொன்னார்கள். அரசாட்சி என்பதே வசைச்சொல்லாக இருந்த காலம். அந்தக் குடும்பத்திலேயே ஒரு கலீபாவின் பேர் அப்துல் மலிக், 685 முதல் 705 வரை ஆண்டவர், ஜெரூசலத்தில் தங்கநிறக் குவிமாடத்தோடு நாம் படங்களில் பார்க்கும் குப்பத்துஸ் ஸஹ்ரா அவர் கட்டியது.

பிறகு 10ஆம் நூற்றாண்டில் புவைஹி வம்சத்தார் பாரசீக வழக்கத்தைப் பின்பற்றி மலிக் பட்டத்தை எடுத்தார்கள். ஸல்ஜூக் சுல்தான் ஒருவரின் பேரே மலிக் ஷா (1072 முதல் 1092), அரபியில் ஒரு அரசன், பாரசீகத்தில் ஒரு அரசன். ஜெரூசலத்தை மீட்ட ஸலாஹுத்தீன் அய்யூபியின் பட்டம் அல் மலிக் அந்நாஸிர். அவருக்குப் பின்னால் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளும் அல் மலிக் என்றே பட்டம் போட்டுக்கொண்டார்கள். மம்லூக் என்றால் என்ன என்று மேலே சொன்னேன். சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்ட பையன்கள்தான் வளர்ந்து அல் மலிக் ஆனார்கள்.

இப்போது நமக்குத் தெரிந்த அரபு ராஜாக்கள் எல்லோரும் அந்த வகையில் புதியவர்கள். எகிப்தில் சுல்தான் ஃபுஆத் 1922இல் மலிக் ஆனார், ஸவூதி 1932இல் மம்லகா ஆனது, மொரோக்கோ சுல்தான் 1957இல் மலிக் என்று மாற்றிக்கொண்டார், பஹ்ரைன் அமீர் 2002இல்தான் மலிக் ஆனார். அதற்கு எதிர்ப்பக்கமாக ஸவூதியில் மன்னர் ஃபஹ்த் 1986இல் "மாட்சிமை தங்கிய" என்ற அடைமொழியை விட்டுவிட்டு, இரண்டு புனிதப் பள்ளிகளின் ஊழியர் என்ற பட்டத்தை எடுத்தார்.

மாலிக் கபூர் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படித்தோமே, அவர் அரசனா?

இல்லை, தளபதி. டில்லி சுல்தான்களின் காலத்தில் கான், மலிக், அமீர் என்று பதவி வரிசை இருந்தது, கானுக்குக் கீழே, அமீருக்கு மேலே மலிக். பட்டம் சிம்மாசனத்திலிருந்து இறங்கிப் படைப்பதவியாகிவிட்டது. ஆகவே அவரும் குறில் மலிக்தான், தமிழ்ப் புத்தகங்களில் மாலிக் என்று பழகிவிட்டது.

கபூர் குஜராத்தில் 1299 படையெடுப்பின்போது பிடிபட்ட அடிமை. ஆயிரம் தீனார்க்காரன் என்று அவருக்கு ஒரு பேர் இருந்தது, அந்த விலைக்கு வாங்கப்பட்டதாகச் சொல்வார்கள். அவர்தான் 1311இல் மதுரை வரைக்கும் படையோடு வந்தவர். இன்னொருவர் மலிக் அம்பர், எதியோப்பியாவில் 1548இல் பிறந்து, சின்ன வயதில் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறி தக்காணத்துக்கு வந்து, அஹ்மத்நகர் அரசைத் தாங்கி நின்று முகலாயர்களைத் தடுத்தவர். பிற்காலத்தில் ஔரங்காபாத் ஆன கட்கி நகரை 1610இல் அமைத்தவர் அவர்தான். அவர் கதையைப் படித்த அன்றைக்கு என் தம்பியின் பேர் மேல் எனக்கு வேறொரு மரியாதை வந்தது. பெற்ற தாய் வைத்த பேரைப் பறித்துக்கொண்டு விற்றார்கள், அவர் தன் திறமையில் ஒரு அரச பட்டத்தைப் பேரின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

பாகிஸ்தானில் இந்தியாவில் அது குடும்பப் பேராக வருகிறதே?

ஆமாம், ஷுஐப் மலிக்கை கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அங்கே மலிக் என்பது பெரும்பாலும் கடைசியில் வருகிற பரம்பரைப் பேர். டில்லி காலத்துப் பதவி கிராமத்துக்கு இறங்கி, நிலம் வைத்திருந்தவர், ஊர்த்தலைவர் ஆகியோரின் பட்டமாகி, பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. பாகிஸ்தானின் பஷ்தூன் மலைப் பகுதிகளில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கோத்திரப் பெரியவர்களை மலிக் என்று அரசாங்கம் அங்கீகரித்துவந்தது.

முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். ஹரியானா ஜாட் மக்களில் மலிக் ஒரு பெரிய குலம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மலிக் அங்கேயிருந்து வந்தவர்தான். வங்காளத்தில் மல்லிக் என்ற பேரோடு எத்தனையோ இந்துக் குடும்பங்கள், கொல்கத்தாவில் 1835இல் பளிங்கு மாளிகை கட்டிய ராஜேந்திர மல்லிக் உட்பட. அவருக்கு ராஜா பட்டமும் உண்டு.

நம்மிடம் அப்படி இல்லை. இலங்கை முஸ்லிம்களுக்குப் பொதுவாகக் குடும்பப் பேர் கிடையாது, வாப்பாவின் பேர் முன்னால் வரும் அல்லது இனிஷலாகும். கண்டிப் பக்கத்துப் பழைய முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் மன்னர் காலத்துச் சிங்கள கெதரப் பேர்கள் (வீட்டுப் பேர்கள்) காணி உறுதிகளில் இன்னும் இருக்கின்றன, அது வேறு வழக்கம். இங்கே மலிக் என்றால் அந்தப் பிள்ளைக்கு வைத்த சொந்தப் பேர், அவ்வளவுதான். யாராவது பாகிஸ்தான்காரர் "நீங்கள் எந்த மலிக்?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம், சாதி மாதிரி ஒன்றைக் கேட்கிறார், நமக்கு அது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சிங்களவர்களும் மலிக் என்று வைக்கிறார்களா?

வைக்கிறார்கள். 2015க்குப் பிறகு அமைச்சராக இருந்த மலிக் சமரவிக்ரமவைத் தெரியாதா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அரச பேர்கள் உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

இதைக் கேட்டவர் ஒரு தோட்டத்து அண்ணன், மகளின் பேர் ராஜேஸ்வரி, தன் பேர் துரைராஜ். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தோட்டத்தில் பெரிய துரை என்றால் மெனேஜர், சின்னத் துரை என்றால் அவருக்கு அடுத்தவர். கொளுந்துக் கூடையோடு மலையேறிய பெண்களும் கவ்வாத்து வெட்டிய ஆண்களும் அந்த வார்த்தையைப் பயந்து பயந்து சொன்ன காலம் ஒன்று இருந்தது. அதே லயத்துக் காம்பராவில் பிறந்த மகனுக்கு துரைராஜ், துரைசாமி, ராஜா, ராணி என்று பேர் வைத்தார்கள். மலிக் என்ற சொல்லுக்கு நடந்ததும் இதே பயணம்தான், சிம்மாசனத்திலிருந்து தொட்டிலுக்கு. ஹிந்தியில் வேலைக்காரர்கள் முதலாளியை மாலிக் என்று கூப்பிடுவார்கள், நம் தோட்டத்துத் "துரை"க்கு அப்படியே பொருத்தம். கூப்பிடும்போது தலை குனியவைத்த வார்த்தையைத் தன் பிள்ளைக்குப் பேராக வைத்து ஆசையாகக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்டியில் இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. கண்ணுசாமி என்று பேர் வைத்து வளர்த்த இளைஞர் 1798இல் சிம்மாசனம் ஏறியதும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனார். 1815இல் ராஜ்ஜியம் போய், வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார். வீட்டில் வைத்த பேர் போய் அரச பேர் வந்த கதை அது.

பைபிளிலும் இந்தப் பேர் இருக்கிறதாமே?

இருக்கிறது. எபிரேயத்தில் மெலேக் என்றால் அரசன், அரபியின் சகோதர மொழி அது. மெல்கிசேதேக்கு, அபிமெலேக்கு, ரூத்தின் மாமனார் எலிமெலேக்கு, மூன்றிலும் அந்த மெலேக் ஒளிந்திருக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் பேதுரு காதை வெட்டிய வேலைக்காரனின் பேர் மல்குஸ், அதே வேர்தான். பிரதான ஆசாரியனின் வேலைக்காரனுக்கு அரசன் என்று பேர்.

பெண் பிள்ளைக்கு என்ன வைக்கலாம்? மலிகாவும் மல்லிகாவும் ஒன்றா?

ஒன்றில்லை. மலிகா அரபி, அரசி. எகிப்தில் 1250இல் ஷஜருத் துர் என்ற பெண் ஆட்சிக்கு வந்து, மலிகத்துல் முஸ்லிமீன், முஸ்லிம்களின் அரசி, என்று நாணயத்திலேயே பொறித்தார். அவரும் அடிமையாக வந்தவர்தான். மல்லிகா வடமொழி, மல்லிகைப்பூ. பௌத்தக் கதைகளில் கோசல மன்னன் பசேனதியின் அரசி பேர் மல்லிகா, மாலை கட்டுகிறவரின் மகள். அதனால் சிங்களப் பெண்களிடமும் தமிழ்ப் பெண்களிடமும் மல்லிகா நிறைய. ஒரு ல் கூடினால் பூ, குறைந்தால் அரசி. படிவத்தில் கவனமாக எழுதுங்கள், நான் பார்த்த பிழைகளில் பாதி இந்த ல்லில்தான். மலக் என்றால் வானவர், அரபு நாடுகளில் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கிறார்கள், இங்கேயும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறது.

சுல்தான், அமீர் இவை?

சுல்தான் என்றால் முதலில் அதிகாரம், பிறகுதான் அதிகாரம் உள்ளவர். அமீர் என்றால் கட்டளையிடுகிறவர். இரண்டும் இங்கே சாதாரணமாக வைக்கிற பேர்கள், பிரச்சினை எதுவும் இல்லை. 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியை சுல்தான் என்றே எழுதினார். முஸ்லிம் அல்லாத தமிழ் அரசனுக்கும் அவர் கண்ணில் அந்தச் சொல் பொருந்தியது. அந்த அரசர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பித்தான் அவர் பாவாத மலை (சிவனொளிபாத மலை) ஏறினார்.

எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி வர என்ன செய்ய வேண்டும்?

இதற்குத்தான் நான் இவ்வளவும் எழுதினேன். என் தம்பியின் பிறப்புச் சான்றிதழில் தமிழில் மலிக். பாடசாலையில் சேர்த்தபோது யாரோ மாலிக் என்று எழுதிவிட்டார்கள், ஓ.எல். பெறுபேறு அப்படியே வந்தது. பழைய அடையாள அட்டையில் இங்கே பேர் சிங்களத்தில் மட்டும்தான், அதில் மறுபடி குறில். பாஸ்போட்டில் ஆங்கிலம், அதில் குறிலும் இல்லை நெடிலும் இல்லை. அரபு நாட்டுக்குப் போனதும் அங்கே ஆங்கிலத்தைப் பார்த்து அரபியில் எழுதினார்கள், மீம், லாம், காஃப். அரபியில் குறில் உயிர்க்குறி சாதாரணமாக எழுதமாட்டார்கள், அந்த மூன்று எழுத்தை மலிக் என்றும் வாசிக்கலாம், மலக் என்றும் வாசிக்கலாம். ஒரு நாள் மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான், "மலக், மலக்" என்று கூப்பிட்டுப் பெண்கள் பக்கமாகப் பார்க்கிறார்கள், இவனுக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரியவே இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் மிச்சமிருந்த ஒரே பைல் அவனுடையது. அன்றிரவு போனில் சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. "ராத்தா, என் பேரை யாருமே சரியா கூப்பிடல" என்றான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பேரை முடிவு செய்ததும் ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் மௌலவியிடம் கேட்டு அரபியிலும் எழுதி, அதைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்தே பைலில் வையுங்கள். பதிவாளரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள், சத்தத்தில் ம வும் மா வும் ஒன்றாகத்தான் கேட்கும். எழுதி முடித்ததும் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அவசரப்படுத்தினாலும் வாசியுங்கள். பாடசாலையில் சேர்க்கும்போது சேர்வு இடாப்பில் எப்படி எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வெளிநாடு போவதாக இருந்தால் நெடில் மாலிக் அல்லது அப்துல் மலிக் அரபியில் வேறு வாசிப்புக்கு இடம் கொடுக்காது, தனி மலிக் கொடுக்கும். இதைப் பேர் வைக்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே பிழையாக வந்துவிட்டது, திருத்தலாமா?

திருத்தலாம். பிறப்பு பதியப்பட்ட பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சத்தியக் கடதாசியும், பேர் சரியாக எழுதியிருக்கிற பழைய ஆவணம் ஏதாவதும் வைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், ஓ.எல். எழுதிய பிறகு என்றால் ஒன்றைத் திருத்த நாலைத் திருத்த வேண்டிவரும். தம்பியுடையதை நாங்கள் திருத்தி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ராஜா என்று பேர் வைத்தால் பிள்ளைக்குத் தலைக்கனம் வருமா?

ஒரு மாமியார் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். எனக்குத் தெரிந்த மலிக்குகளில் ஒருவர் பேக்கரியில் ராத்திரி வேலை செய்கிறார், ஒருவர் ஓட்டோ ஓட்டுகிறார், ஒருவர் கணித ஆசிரியர். யாருக்கும் வரவில்லை.

செல்லமாகச் சுருக்கி மல்லி என்று கூப்பிடலாமா?

தாராளமாக. எங்கள் வீட்டில் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவுக்கு அது இன்னும் பொருத்தமாகப் போய்விட்டது, சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அவன் வெளிநாட்டிலிருந்து வந்த அன்றைக்கு வாசலில் நின்று "மல்லி ஆவாத?" என்று கேட்டார், தம்பி வந்துட்டானா என்று. அவன் உள்ளேயிருந்தே "ஆவா" என்று பதில் சொல்லிக்கொண்டு ஓடிவந்தான்.